வாவியைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சுகரைப் பற்றியும் பிறஷரைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையும் கொஞ்சம் பேசத்தான் போகிறோம். ஆனால் இது ஒருவரின் உரை அல்ல. 1978 சூறாவளிக்கு அடுத்த வருடம் பிறந்து, ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேரின் உரை. ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், ஒருவர் ரொறன்ரோவிலிருந்தும் ஒருவர் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள், ஒருவர் வைத்தியர். ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதை ஒருத்தி வாசிக்கிறாள். ஆகவே ‘நாங்கள்’ என்றே சொல்லப்போகிறோம்.

கடந்த 2024 ஆகஸ்டில், மாமாங்கத் தீர்த்தம் முடிந்த பிறகு, நாங்கள் ஐவரும் நான்கு நாட்கள் மட்டக்களப்பு வாவியைச் சைக்கிளில் சுற்றிவந்தோம். எழுவான்கரையால் போய், பாதையில் வாவியைக் கடந்து, படுவான்கரையால் திரும்பினோம். மொத்தம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர்தான். 1894இல் அமெரிக்காவின் பொஸ்ரனிலிருந்து சைக்கிளோடு உலகைச் சுற்றப் புறப்பட்ட அன்னி லண்டன்டெரி மூன்று பிள்ளைகளின் தாய். அவர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அவருக்கு எங்கள் முழங்கால்கள் இல்லை.

இந்த யோசனை வந்தது 2022இல். அந்த வருடத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி நின்றது. பாடசாலைகள் மூடின. வீட்டுக்கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களுக்கு ஒரே கிழமையில் மரியாதை வந்தது. நாங்களும் காரை நிறுத்திவிட்டு, ரயர் மாற்றி, எண்ணெய் விட்டு, சைக்கிளில் வேலைக்குப் போனோம். முதல் நாள் கல்லடிப் பாலத்தில் மூச்சு வாங்கியது. மூன்றாம் கிழமை வாங்கவில்லை.

அதே நாட்களில் வாட்டில் வேறொன்றையும் பார்த்தோம். நோயாளர்கள் பிந்தி வந்தார்கள். முச்சக்கரவண்டிக்கு எண்ணெய் இல்லை, பஸ் இல்லை. தகப்பனைச் சைக்கிள் பாரில் இருத்தி உழக்கிக்கொண்டு வந்த மகனைக் கண்டோம். பாரிசவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றுவதென்றால், அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எந்த ஊரிலிருந்து வருகிறார், இடையில் துறை இருக்கிறதா, பாலம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த நாலரை மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும். மருத்துவ பீடத்தில் எங்களுக்குத் தூரத்தை ஒரு நோயாகச் சொல்லித் தரவில்லை. 2022தான் சொல்லித் தந்தது.

சைக்கிள் உழக்கும்போது பழைய ஞாபகங்களும் வரும். எங்களுக்கு வந்தது ஒரு சைக்கிளின் ஞாபகம். அதைப் பிறகு சொல்கிறோம். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

முதலில் ஆயத்தம். எங்களில் ஒருவருக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. வீட்டில் விடவில்லை, விழுந்தால் கால் முறியும், யார் கட்டுவார்கள் என்று அம்மம்மா சொன்னாராம். அவர் தன் நாற்பத்தைந்தாவது வயதில், நமது விளையாட்டு மைதானத்தில், மூன்று மாதம் பின்னேரங்களில் பழகினார். நெற்போல் விளையாடும் சின்னப் பிள்ளைகள் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் பழக்கியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பலர் பிள்ளை பெற்றவர்கள், வயலுக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போகத் தொடங்கினார்கள். இரண்டு குடத்தைக் கரியரில் கட்டி, பிள்ளையை முன்னால் வைத்து ஓடினார்களாம். அவர்களால் முடிந்தது எங்கள் வங்கி அதிகாரியாலும் முடிந்தது.

முதல் நாள் விடிய ஐந்தரைக்கு நமது கல்லூரி வாசலில் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். பழைய கல்லடிப் பாலத்தால் போனோம். 1924இல் திறந்த பாலம் அது. நமது சங்கத்துக்கும் ஏறத்தாழ அதே வயது. 2013இல் புதிய பாலம் வந்த பிறகு வாகனங்களெல்லாம் அதில் போகின்றன. பழைய பாலம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் மிஞ்சியிருக்கிறது. நாங்கள் படிக்கும் காலத்தில் சென்றியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தோம். இப்போது யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஆனாலும் எங்களில் இரண்டு பேர் பாலத்தடியில் தங்களை அறியாமலே இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் இடப்பக்கம் திரும்பினால் நாவலடி. 2004 மார்கழி 26இல் கடல் வாவியைத் தொட்ட இடம். அன்று நாங்கள் திரும்பவில்லை. சுவாமி விபுலானந்தரின் சமாதியருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் தெற்கே போனோம்.

காத்தான்குடியில் எங்களோடு வேலை செய்யும் தாதி ஒருவர் வீதிக்கு வந்து மறித்துவிட்டார். காலை ஏழு மணிக்கு வட்டிலப்பம். சுகருக்கு ஆலோசனை சொல்பவர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நமது ஊரில் சொல்வோம். அந்தப் பேச்சு பொய்த்துப்போன 1990 ஆவணியின் குண்டுத் தழும்புகள் அங்கே பள்ளிவாசல் சுவரில் இருக்கின்றன. அவர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். மூன்றாம் நாள் படுவான்கரையில் மகிழடித்தீவு நினைவுத்தூபி முன்னால் நின்றபோது அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம். வாவியைச் சுற்றுகிறவர் இரண்டு கரையிலும் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் மாலை கோத்தது போல் வரும். காரில் போனால் இவை பெயர்ப்பலகைகள். சைக்கிளில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனி மணம். ஓரிடத்தில் கருவாடு, ஓரிடத்தில் மரமுந்திரிகை வறுக்கும் புகை, ஓரிடத்தில் கோயில் சாம்பிராணி. கல்லாற்றில் வாவி கடலோடு சேரும் தென்முகத்துவாரம்வரை போனோம். வட முகத்துவாரம் பாலமீன்மடுப் பக்கம், 1913ஆம் ஆண்டு வெளிச்சவீட்டுக்கருகில். அன்றிரவு களுவாஞ்சிகுடியில் ஒருவரின் மாமி வீட்டில் தங்கினோம். ஐந்து பேரும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தோம்.

இனி அந்தச் சைக்கிளின் கதை.

1989இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்து, வாவிக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை நமது விடுதிக்கு வந்தாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நமது கல்லூரிக்கு எடுபட்ட சந்தோஷத்தில் தகப்பன் நெல் விற்ற காசில் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கொடுத்தார். அடுத்த வருடம் சண்டையில் தகப்பன் காணாமற்போனார். அவள் படித்தாள். கணிதத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. 1995 சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள். அப்போது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 19இல் சண்டை மீண்டும் தொடங்கியது. எட்டு மாதத்தில் ஓ.எல் பரீட்சை. அவள் திரும்பி வரவில்லை.

விடுதிக் கொட்டிலில் பச்சைச் சைக்கிள் நின்றது. ஒரு தவணை போனபின், சும்மா நின்று பழுதாகிறதே என்று கேட்டு, எங்களில் ஒருத்தி அதை எடுத்து ஓடத் தொடங்கினாள். ஏ.எல் முடியும்வரை ரியூஷனுக்கெல்லாம் அதில்தான் ஓடினாள். அது யார் என்று கேட்காதீர்கள். ஐந்து பேரில் உயிரியல் படித்தவர் எத்தனை பேர் என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். பல்கலைக்கழகம் போகும்போது அதைத் தம்பியிடம் கொடுத்தாள். சுனாமி அன்று நாவலடியில் அது வீட்டோடு போய்விட்டது.

இந்த முப்பது வருடத்தில் நாங்கள் ஐந்து பேரும் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். சங்கக் கூட்டங்களில் அவளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவள் எங்கே என்று தேடியதும் இல்லை. இதை நாங்கள் சொல்லத்தான் வேண்டும்.

படுவான்கரையில் படிப்பிக்கும் எங்கள் ஆசிரியைத் தோழி தற்செயலாக அவள் இருக்குமிடத்தை அறிந்தார். இரண்டாம் நாள் காலை குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்துநின்றோம். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. வீதி முடியும் இடத்தில் அதுவே வீதி என்பதால் அந்தப் பெயரோ என்னவோ. மோட்டார்சைக்கிள்கள், மீன்பெட்டி, நெல்மூட்டை, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், நாங்கள் ஐவர் எல்லாரும் ஒரே பலகைத் தளத்தில் நின்றோம். தண்ணீர் அமைதியாக இருந்தது. ஆனால் 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இப்படியொரு மிதவைதான் கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். சாய்ந்து நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் புத்தகப் பையை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்தோம்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே வாய்கட்டிப் பூசை. மந்திரம் சத்தமாகச் சொல்வதில்லை. கும்பிட்டுவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போனோம். வழியில் லண்டன்காரியின் சில்லுக் காற்றுப் போனது. ஒட்டுப் போட்ட கடைக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “ஆம்பிளைகள் ஒருத்தரும் வரல்லியா?” என்று கேட்டார். இல்லை என்றதும் காசு வாங்க மறுத்தார். பயந்து மறுத்தாரோ பாராட்டி மறுத்தாரோ தெரியாது.

அவள் படலையடியில் நின்றாள். தலை எங்களைவிட நரைத்திருந்தது. “வாங்ககா. தொப்பியப் பாத்து வெள்ளைக்காரிகள் எண்டு நினைச்சன்” என்றாள்.

முந்தின நாள் முழுக்க எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தோம். எல்லாம் மறந்துவிட்டது. சாப்பிட்டோம். வாவி இறால், புட்டு, சட்டியோடு எருமைத் தயிர். பிறகு எங்களில் ஒருத்தி சைக்கிள் கதையை உடைத்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்குப் பிறேக் பிடிக்காதேகா, எப்பிடி ஓடினீங்க?” என்றாள். நாங்கள் சிரித்து முடிந்த பிறகுதான், ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டோம். “தவணைக்கு வருவன்தானே எண்டுதான் விட்டுட்டு வந்த. ஊருல சைக்கிள் இருந்திருந்தா அம்மாவக் கெஞ்சி இஞ்ச ஒரு பள்ளியிலயாவது ஓ.எல் எழுதியிருப்பன். ஏழு மைல். நடக்க விடல்ல.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நெல் அவித்துக் கொண்டே சொல்வது போலச் சொன்னாள். நாங்கள்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் அவளுடைய பிறஷரைப் பார்த்தோம். கூடுதல். மாத்திரையை ஒருநாள்விட்டு ஒருநாள் போடுகிறாள். கிளினிக்குக்குப் போனால் அரைநாள் வேலை போய்விடுமாம், அதனால் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறாள். சகோதரிகளே, இங்கே இருக்கும் நீங்களும் இதைச் செய்கிறீர்கள், தூரம் என்ற சாட்டுக்கூட இல்லாமல். தலையிடி இல்லை என்பதற்காகப் பிறஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிறஷர் நோவதில்லை, பாரிசவாதமாக வந்துதான் தன்னைச் சொல்லும். கிழமைக்கு 150 நிமிடம் உடலை அசையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள். நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓடலாம். வைத்தியரின் பகுதி இத்தோடு முடிந்தது.

இரவு அவள் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். விடியற்காலம் புறப்படவேண்டாம், யானை வீதியில் நிற்கும், வெயில் ஏறட்டும் என்று அவள் மறித்தாள். வெல்லாவெளிப் பக்கத்தில் யானையால் ஒவ்வொரு வருடமும் வீடும் வயலும் உயிரும் போகின்றன. அதனால் அன்று வாவிக்கரையில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்கக் கிடைத்தது. நாங்கள் பிறந்து வளர்ந்தது எழுவான்கரையில். எங்களுக்குச் சூரியன் கடலில் எழுந்து படுவான்கரையில் விழும். மண்டூரில் நின்று பார்த்தால் சூரியன் எங்கள் ஊர்களுக்கு மேலாக எழுந்து வருகிறது. அவள் சின்ன வயதில் தினமும் அதைப் பார்த்து, அங்கேதான் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நினைப்பாளாம்.

மூன்றாம் நாள் பழுகாமம், அம்பிளாந்துறை, கொக்கட்டிச்சோலை. கச்சான் காற்று பக்கத்தில் நின்று தள்ளியது. எட்டு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். சிலர் சைக்கிளில், ஒன்றில் இரண்டு பேர், சிலதில் மூன்று பேர். பலர் நடந்து. நடந்துபோனவர்களில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் குறைவு. எங்கள் ஆசிரியைத் தோழி காரணம் சொன்னார். மேல்வகுப்புள்ள பாடசாலை தூரத்தில். மாலை வகுப்பு முடிய இருட்டிவிடும், யானை வரும். ஆண் பிள்ளைக்கு எப்படியாவது ஒரு சைக்கிள் வரும். பெண் பிள்ளை வீட்டில் நிற்கும். மண்டூரில் எங்கள் தோழியின் மகள் பத்தாம் வகுப்பு. நாலு கிலோமீற்றர் நடக்கிறாள். கணிதத்தில் கெட்டிக்காரியாம்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் சந்நிதியில் கும்பிட்டு, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தை ஒரு தடவை சும்மா போய்த் திரும்பினோம். அந்த இடத்திலும் முன்பு பாதைதான். பிள்ளைப்பேற்று நோவோடு அந்தத் துறையில் காத்துக்கிடந்த தாய்மார் எத்தனை பேர் என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாலம் எத்தனை வைத்தியருக்குச் சமம் என்று எங்களுக்கு அன்று விளங்கியது.

நான்காம் நாள் வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியாகப் புளியந்தீவு வந்து சேர்ந்தோம். சைக்கிள் போக முடியாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. வாவிக்குள் இருக்கும் மாந்தீவு. பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்துவைத்த தீவு. 1980களிலிருந்து கூட்டு மருந்தால் தொழுநோய் முற்றாகக் குணமாகிறது. உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு கண்டால் வெட்கப்படாமல் வாருங்கள், அவ்வளவுதான். ஆனால் தண்ணீருக்கு அப்பால் ஒருவரை வைத்துவிட்டால் மறந்துவிடலாம் என்ற எண்ணம் நோயோடு போய்விடவில்லை. நாங்கள் ஐந்து பேரும் முப்பது வருடம் அதைத்தான் செய்தோம்.

கல்லூரி வாசலில் இறங்கியபோது ரொறன்ரோக்காரி கேட்டாள்: “நூற்றாண்டுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?” இந்தச் சங்கம் நமது கல்லூரிக்கு மண்டபம் கட்டித் தந்தது, நூலகம் தந்தது, வளைவு தந்தது. எல்லாம் நல்லது. எங்கள் பெயரும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஆனால் எல்லாம் இந்த மதிலுக்குள்.

ஆகவே பொதுக்கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பாண்டும் ஒரு சைக்கிள் தரட்டும். நமது மாணவிகளுக்கு அல்ல. படுவான்கரையில் ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புகளில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு. பாடசாலையின் சொத்தாக அல்ல, பிள்ளையின் சொத்தாக. காற்றுப்பம்பும் ஒட்டுப்பெட்டியும் லைட்டும் சேர்த்து. வருடத்துக்கு ஒருமுறை நாங்களே உழக்கிக்கொண்டு போய், சைக்கிள் ஓடுகிறதா, பிள்ளை படிக்கிறாளா என்று பார்த்துவருவோம். படம் எடுத்துப் போடுவதற்கு அல்ல. யாராவது ஒரு தவணை வரவில்லை என்றால், ஏன் என்று கேட்பதற்கு.

எங்கள் வகுப்பின் சைக்கிள் போய்விட்டது. பச்சை நிறம். போன மாதம் பாதையில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தாய் முன் சில்லையும் பின் சில்லையும் பிடித்துப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்து, “இதுக்குப் பிறேக் பிடிக்குது” என்றாள்.